சாவுக்குக் காத்திராத கமிட்டி

மதினி, இன்னும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் எழும்புகிறேன். விடியலில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசைக்கு, தப்பு அடிக்கிறது. "மதினி, தண்ணி கொதிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் அடுப்பைப் பார்க்கிறேன். அங்கே அம்மா உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டது அம்மாவுக்கும் கேட்டிருக்கும். தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.

அழுதாகிவிட்டது மதினி. அழுத பிறகும் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். எங்கள் தோட்டத்துக்கு ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, அதற்கு மேல் மலை ஏற வேண்டும். கல்யாணத்தன்று பிடித்த மழையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார்கள். மதினிக்குச் சோறு ஆக்கும்போது ஊறாத அரிசியை வாயில் போட்டு மெல்லுகிற பழக்கம் உண்டு. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம், "இப்புடி அரிசி திங்கிறவ கல்யாணத்துக்கு மழ பேயாம என்ன பேயும்?" என்பாள். மதினி இன்னும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனி எனக்கு ஒரு கல்யாணமா நடக்கப் போகுது அத்தை, பேஞ்சா பேயட்டும்" என்பார். மாமியாரும் மருமகளும் நாள் முழுக்க இப்படித்தான். வெளியிலிருந்து கேட்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள்.

ஒரே காம்பராவில், ஒரே அறையில், அம்மா, அண்ணன், மதினி, நான், பிறகு மதினியின் பெண் பிள்ளை. அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தன் கூலியில் எங்களை வளர்த்தாள். அதனால் அவளுக்கு ஒரு வீம்பு இருந்தது. தன் சோற்றைத் தானே தின்ன வேண்டும், கடைசிவரை. யாருக்கும், பெற்ற பிள்ளைக்கும்கூட, பாரமாக இருக்கக் கூடாது.

தோட்டத்தில் ஒருவருக்கு வயதாகி வேலை செய்ய முடியாமல் போனால் செக்ரோல் என்கிற வேலையாள் கணக்கிலிருந்து பேரை வெட்டுவார்கள். பேர் வெட்டினால் வேலை இல்லை, சம்பளம் இல்லை. பிள்ளைகள் காம்பராவில் ஒரு மூலை, அவர்கள் போடுகிற சோறு, அவ்வளவுதான். பிறகு சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து வைக்கிற திட்டம் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. அது எங்கள் வயதுக்காரர்களுக்கு உதவும். அம்மா வயதுக்காரர்களுக்கு ரொம்பப் பிந்தி வந்தது.

எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்கு முன்பிருந்தே ஒரு ஏற்பாடு இருந்தது. கிழவர் பெட்டி என்று சொல்வோம். ஈயத்தாள் அடித்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று. பச்சைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் மூலையில் அதை வைத்திருந்தார்கள். மேல் பலகையில் ஒரு ஓட்டை, பலகைக்குப் பூட்டு. தோட்டத்தில் அரிசி போடுகிற நாளில் ஒவ்வொரு வீடும் ஒரு சுண்டு, அதாவது ஒரு பால் டின் அரிசி, அந்த ஓட்டை வழியாகக் கொட்ட வேண்டும். பேர் வெட்டப்பட்டவர்களுக்கு அதிலிருந்து அரிசி அளந்து கொடுப்பார்கள். பிச்சை இல்லை. அவர்களும் வேலை செய்த காலத்தில் கொட்டியவர்கள்தான்.

பெட்டிக்கு ஒரு கமிட்டி. லயத்துத் தலைவர், பழைய கங்காணி ஒருவர், இன்னும் சில ஆண்கள். கமிட்டி கூடாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஒரு ஆள் தனியாகக் கையை விடக் கூடாது என்று பெரியவர்கள் வைத்தது. ஆனால் கமிட்டி எப்போது கூட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

இதே ஆட்கள்தான் சாவு வீட்டுக்கு உதவுகிற மரணச் சங்கத்துக்கும் கமிட்டி. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆண்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். புதைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, செத்த வீட்டு வாசலில் பாய் போட்டு உட்காருவார்கள். சாவுக் காரியங்களைப் பேசி முடிப்பார்கள். அப்போது யாராவது, எல்லாரும்தான் இருக்கிறோமே, கிழவர் பெட்டியையும் பார்த்துவிடுவோம் என்பார். சாவியைக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்து அரிசியை அளந்து கொடுப்பார்கள். வேறு நாளில் அவர்கள் கூடி நான் பார்த்ததில்லை. மலையிலும் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலும் மாடாக உழைத்துவிட்டு வருகிறவர்கள். யார் போய்க் கூப்பிடுவது?

ஆக, எங்கள் லயத்தில் ஒருவர் செத்தால்தான் இன்னொருவருக்கு அரிசி கிடைக்கும். கேட்க நன்றாக இல்லை. ஆனால் அப்படியே பழகிவிட்டது. பேர் வெட்டின கிழவிகள் வெயில் காய உட்கார்ந்துகொண்டு, இந்த மாதம் யார் நமக்குப் புண்ணியம் கட்டிக்கொள்ளப் போகிறார்களோ என்று சிரிப்பார்கள். சிரிப்புத்தான், ஆனால் பயமும் உண்டு. கமிட்டிக்குப் பாய் விரித்தாலே ஒரு உயிர் போனதாக அர்த்தம் என்று அவர்கள் மனதில் விழுந்துவிட்டது. பாயைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பிறகு ஒரு வருஷம் நல்ல வருஷமாகப் போனது. அம்மை இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, கிழங்கள்கூடக் குளிரைத் தாண்டி வந்துவிட்டார்கள். எங்கள் லயங்களில் ஒரு சாவு விழவில்லை. மாரியம்மனுக்கு எல்லாரும் நன்றி சொன்னோம். பெட்டி மட்டும் பூட்டியே கிடந்தது.

நாங்கள் அரிசியைக் கொட்டிக்கொண்டே இருந்தோம். கிழவிகள் இரண்டு மூன்று தடவை தலைவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. நான் ஒருவனாகத் திறந்தால் நாளைக்கு நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள், கமிட்டி கூடட்டும் என்று சொல்லி அனுப்பினார். கமிட்டியை அவர்தான் கூட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம்தான் அம்மாவின் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. குளிரில் பறித்துப் பறித்துக் கை கொக்கி மாதிரி ஆகிவிட்டது. கொழுந்து நிறுக்கும்போது எடை காணாது. எடை காணாவிட்டால் அரைப்பேர், அரை நாள் கூலி. மதினியும் நானும் அவளுக்கு இரண்டு பக்கத்துச் செடி வரிசையிலும் நிரை பிடித்து, கங்காணி பார்க்காத நேரம் எங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி அவள் கூடையில் போடுவோம். அம்மா கண்டுபிடித்துத் திட்டுவாள். ஒருநாள் மழையில் வழுக்கிக் கானுக்குள், மழைத்தண்ணி ஓடுகிற வாய்க்காலுக்குள், விழுந்தாள். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நல்ல வேளை, கால் முறியவில்லை. அடுத்த தடவை முறியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பேரை வெட்டச் சொல்லு என்று அண்ணன் கெஞ்சினார். யோசிக்கிறேன் என்றாள். அப்போது அவளுக்குப் பெட்டிமேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. தான் கொட்டின அரிசி தனக்கு வரும் என்று நினைத்தாள்.

அந்த மழைக்காலம் முடிகிற சமயம் மேல் லயத்தில் ஒரு தாத்தா போய்விட்டார். வழக்கம்போலப் பாய் போட்டார்கள். வழக்கம்போலச் சாவி வந்தது. நானும் மதினியும் சாவு வீட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெட்டியைத் தூக்கி வந்து பலகையைக் கழற்றினார்கள். முதலில் வாடைதான் வந்தது. மேலே கிடந்த அரிசி பரவாயில்லை. கையை உள்ளே விட்டால் கட்டி கட்டியாக, கறுப்பாக, வண்டு ஊர்ந்துகொண்டு. எங்கள் மலையில் மூடுபனி பெட்டிக்குள்ளும் போகும். ஒரு வருஷத்து அரிசி. எல்லா வீட்டுக் கையும் கொட்டினது. கோழிக்குப் போட்டோம். கோழிகூடக் கிளறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அம்மா அங்கே நின்றாள். வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

மதினி அந்தக் கறுப்பு அரிசியில் ஒரு கட்டியை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார். நேரே ஆண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்குப் போய் அதன்மேல் வைத்தார். பெண்கள் அந்தப் பாய்ப் பக்கம் போவதே இல்லை. மதினி அவர்களைப் பார்த்து, இது யார் சோறு என்று கேட்டார்.

"எழவு வீட்டுல பேசுற பேச்சா இது, பொண்ணு?" என்றார் தலைவர்.

"எழவு வீட்டுலதானே மாமா நீங்க கூடுறீங்க. வேற எங்க வந்து பேசுறது?"

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தன வருசமா சாவி என்கிட்ட இருக்கு. ஒரு மணி அரிசி நான் எடுத்திருப்பேனா? கேளு, யாரு வேணும்னாலும் சொல்லட்டும்."

"நீங்க எடுக்கல மாமா. எடுக்கவே மாட்டீங்க. ஆனா பாக்கவும் இல்லியே."

எடுக்காமல் இருந்தால் போதும் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம், மதினி சொல்லும்வரை நானும்தான். அடுத்தவர் சோற்றுக்குக் காவல் இருக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதாது, அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்பது அந்தக் கட்டியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை கூட வேண்டும், நீயே சொல்லு என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டார்.

பழைய கங்காணி குறுக்கே வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற அன்று கூடினால் சாமி காரியத்தோடு இதுவும் நடந்துவிடும் என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"ஒங்க வயிறு வருசத்துக்கு ஒரு தடவதான் கூடுதா, கங்காணியய்யா?" என்று மதினி கேட்டார்.

செத்த வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் சிரித்துவிட்டார்கள். கங்காணியே வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். வாராவாரம் கூடலாம் என்றார் ஒருவர். வாராவாரம் என்றால் மூன்றாவது வாரமே யாரும் வர மாட்டார்கள் என்றார் தலைவர். அது சரிதான் என்று மதினியும் ஒத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒரு தடவை என்று வந்து நின்றது. சம்பளத்தன்று கூடலாம் என்று ஒருவர் சொல்ல, மதினி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சம்பளத்தன்று பாதிப் பேர் ஹட்டனில் இருப்பார்கள், மீதிப் பேர் நிதானத்தில் இருக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்றால் கையில் காசு இருக்காது, எல்லாரும் வீட்டில்தான் கிடப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையையே வைத்தார்கள். சாவு விழுந்தாலும் விழாவிட்டாலும். பெண்களிலும் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று தலைவரே சொன்னார். ஒருவர் மதினி, இன்னொருவர் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற அக்கா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா மூலையில் படுத்திருந்தாள். அண்ணன் மறுபடி பேரை வெட்டுகிற பேச்சை எடுத்தார். சாகிறவரை கொழுந்து பறிப்பேன், மலையிலேயே சாகிறேன் என்று அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாங்கள் சோறு போட மாட்டோமா என்று அண்ணன் அழுதேவிட்டார். மதினி அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அத்தை, நான் போடுறது என் சோறு. ஒங்களுக்கு அது எறங்காது, எனக்குத் தெரியும். பெட்டியில இருக்கிறது ஒங்க சோறு. அத ஒழுங்கா வரவைக்கிறேன். அதுவரைக்கும் கானுல விழுகாம இருங்க."

"கமிட்டி கூடுனா எழவு விழும்டி."

"மாசா மாசம் கூடுனா மாசா மாசமா விழும்? அப்புறம் கொழுந்து எடுக்க ஆளு வேணாமா?"

அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிள்ளைக்காம்பரா வாசலில் பாய் விரித்தார்கள். லயத்துக் கிழவிகள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து உட்கார்ந்துவிட்டாள். கீழ்ப் பாதையில் விறகுக் கட்டோடு வந்த ஒருவர் பாயைப் பார்த்துக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, யார் போனது என்று மெதுவாகக் கேட்டார். பழைய கங்காணி, "இன்னும் யாரும் போகல. நீ போறதா இருந்தா சொல்லு, பாயி ரெடியா இருக்கு" என்றார்.

கமிட்டி உட்கார்ந்தது. பேச ஒன்றும் இல்லை. கழுவிக் காயவைத்த பெட்டியில் புது அரிசி கொஞ்சம்தான் கிடந்தது, நன்றாக இருந்தது. பேர் வெட்டினவர்களுக்கு அளந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒன்றும் இல்லாததற்கா இத்தனை பேரைக் கூட்டினாய் என்று மதினியைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு பாக்குறதுக்குத்தான் மாமா கூடுறோம்" என்றார் மதினி. "எதாவது இருக்குன்னா அப்ப கூடி என்ன பண்ண? அழத்தான் முடியும்."

பிறகு ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கையை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். விட்டுப் பார்த்தார்கள். மதினி நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார். பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த வாரம் யாரும் சாகவில்லை. அடுத்த மாதமும் கூடினார்கள். அப்போதும் யாரும் சாகவில்லை.

மூன்றாவதோ நாலாவதோ மாதம், சரியாக ஞாபகம் இல்லை, நாலு நாள் விடாமல் மழை. ஞாயிறன்று பெட்டியைத் திறந்தால் ஒரு மூலை அரிசி ஈரம். மேலே அண்ணாந்து பார்த்தால் கூரைத் தகரத்தில் ஒரு துளை. அரிசியைப் பாயில் கொட்டி, அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீடுகளில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிச் சூட்டில் காயவைத்தோம். பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்திக் கல்மேல் தூக்கி வைத்தார்கள். அண்ணன் தார் வைத்துத் தகரத்தை அடைத்தார். ஒரு பிடிகூட வீணாகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தலைவரே முதல் ஆளாக வந்து பாயை உதறி விரிப்பார்.

அம்மா அந்தப் பக்கம் வந்தது எங்கள் பிள்ளையால்தான். கமிட்டி உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை மதினி மடியில் கிடந்தது. இந்த இடத்தில் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காருவார்களா என்று திட்டிக்கொண்டே தூக்கிப்போக வந்தாள். பெட்டி திறந்திருந்தது. பேர் வெட்டின கிழவி ஒருத்தி, முன்பெல்லாம் முதல் ஆளாகக் கதவைச் சாத்துகிறவள், முந்தானையை விரித்து அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். அளப்பது போதாது, சுண்டைத் தலை தட்டாமல் அள என்று தலைவரோடு சண்டை வேறு. அம்மா நின்று பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து, அந்த மடங்கின விரலைப் பெட்டிக்குள் விட்டாள். அடிவரை விட்டாள். எடுத்து மோந்து பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, அம்மா கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். "ஐயா, என் பேர வெட்டிருங்க. போதும்" என்றாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். மதினி பனியைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். புகை கண்ணில் பட்டுவிட்டதாம். பெரட்டுக்களத்தில் ஏது புகை?

அம்மாவுக்கு முதல் தடவை பெட்டி அரிசி வந்த அன்றைக்கு அவளே தனிப் பானையில் ஆக்கினாள். எங்கள் எல்லாருக்கும் போட்டாள். இது என் சோறு, தின்கிறவர்கள் தின்னலாம் என்றாள். மதினி மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றார். "அத்தை சோறு ருசியாத்தான் இருக்கு, கொழம்புதான் சரியில்ல" என்றார். அம்மா அகப்பையை ஓங்கினாள். எங்கள் காம்பராவில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அம்மா கானில் விழவில்லை. விரல் நிமிரவில்லை, ஆனால் வலி குறைந்தது. பிள்ளையை அவள்தான் வளர்த்தாள்.

இந்த ஐப்பசி மழையில் மதினிக்குச் சளி நெஞ்சில் கட்டியது. இருமிக்கொண்டே மலைக்கு வந்தார். பிறகு காய்ச்சல். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். பிறகு லொறியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்களும் பார்த்தார்கள். மூச்சுத் திணறல் அடங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏ புள்ள, அழுகாத, மூக்கு வீங்கிரும்" என்றார். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

லயத்துக்குக் கொண்டுவந்தோம். புதைத்தோம். ஆண்கள் குளித்துவிட்டு வந்து எங்கள் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். நான் உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தேன். வெளியே பேசுவது காதில் விழுந்தது. சாவுக் காரியங்களைப் பேசி முடித்தார்கள். பிறகு யாரோ ஒருவர், அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், பழைய வாய், எல்லாரும்தான் இருக்கிறோமே, வருகிற ஞாயிறு வேறு கூடுவானேன், கிழவர் பெட்டியையும் இப்போதே பார்த்துவிடுவோம் என்றார். களைத்துப் போயிருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. சாவிக்கு ஆள் எழும்புகிற சத்தம் கேட்டது.

அம்மா எழுந்தாள். காலையிலிருந்து ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டியிருந்தது. அவிழ்ந்த தலையோடு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே," என்று தலைவரைக் கூப்பிட்டாள். "என் மருமக சாவுல அந்தப் பெட்டியத் தொறக்காதீங்க. அதுக்குன்னு ஒரு நாள் இருக்கு. அந்த நாள்ல கூடுங்க."

தலைவர் பாயிலிருந்து எழுந்து நின்றார். "சரி தங்கச்சி" என்றார். சாவிக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டுக்குத் தீட்டு. கருமாதி முடியாமல் நாங்கள் பெட்டியைத் தொடக் கூடாது, பாயில் உட்காரக் கூடாது. அம்மா என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பராவுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே பார்த்தாள். எல்லாரும் வந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அளந்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அரிசியை ஒருவர் தூக்கி வந்து எங்களைத் தொடாமல் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். முடிகிற நேரம், "அடி வரைக்கும் கைய விட்டுப் பாத்தீங்களா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். இல்லை. மறந்துவிட்டார்கள். மதினி சொல்லித்தான் செய்து பழக்கம். ஒவ்வொருவராகத் திரும்ப வந்து கையை விட்டார்கள்.

கருமாதி முடிந்ததும் மதினி இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். வரப்போகிற ஞாயிறு எனக்கு முதல் தடவை. பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு மதினி மாதிரிப் பேச வராது. ஆனால் போவேன். மாதா மாதம் போவேன். ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வருவேன். தலைவர் இப்போது தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசன் ஆட்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களும் ஒரு நாள் குறிக்கப் போகிறார்களாம்.

இதைப் படிக்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நானுஓயாப் பக்கத்தில் இருப்பீர்களோ, கொழும்பில் இருப்பீர்களோ. நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும், சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ பன்சலைக்கோ போகிறவர்களாக இருந்தாலும், அங்கே கும்பிடும்போது எங்கள் மதினியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் தெரிய வேண்டாம். கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லயத்துக் கிழடுகளுக்குச் சோறு வரவைத்த ஒரு பெண் என்று சொன்னால் சாமிக்குத் தெரியும். அவர் ஆத்மா குளிராமல், இருமாமல், நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.